எழுத்தில்லாமல் பேசும் பலகைகள்

எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் வழியே நடந்து போகிறீர்கள். உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? முறுக்கிய மீசையும் நீட்டிய நாக்குமாகச் சாரத்தில் தொங்கும் திருஷ்டி பொம்மையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அதே இடத்தில், வேலியின் மேல் வரிசையாக மாட்டியிருக்கும் வேறு சில படங்களை நம்மில் பலர் நின்று பார்ப்பதே இல்லை. மஞ்சள் முக்கோணம் ஒன்று; நீல வட்டம் ஒன்று; குறுக்கே கோடு போட்ட சிவப்பு வளையம் ஒன்று; பச்சைச் செவ்வகம் ஒன்று. இவை எதற்காக? யாருக்காக? இவற்றைப் படிக்க நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

சென்னையின் தென்பகுதியில் உள்ள தரமணியை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் இங்கே டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2007-இல் பறக்கும் ரயில் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. கட்டட வேலையைக் காண இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இன்னொரு சிறப்பும் தரமணிக்கு உண்டு. கட்டடங்களின் வலிமையைச் சோதிக்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பயிற்சி தரும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கழகமும் இங்கேதான், சர்தார் பட்டேல் சாலையில் இருக்கிறது. ஆகவே நம் பாடத்தைத் தரமணியிலேயே தொடங்கலாம்.

யாருக்காக இந்தப் படங்கள்?

ஒரு பெரிய கட்டட வேலையில் எத்தனை வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், தச்சர், மின்பணியாளர், கிரேன் ஓட்டுநர், மேஸ்திரி, பொறியாளர். இவர்களில் ஒருவர் திருவண்ணாமலைக்காரராக இருப்பார். அடுத்தவர் பீகாரிலிருந்து வந்திருப்பார். மூன்றாமவர் ஒடிசாவிலிருந்தும், நான்காமவர் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்திருப்பார்கள். சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிலருக்கு இந்தி தெரியாது. எந்த எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் போனவர்களும் உண்டு.

"தலைக்கு மேல் சுமை தொங்குகிறது, கீழே நிற்காதீர்கள்" என்று இவர்கள் எல்லோருக்கும் எப்படிச் சொல்வது? ஐந்து மொழிகளில் எழுதி வைக்கலாம். ஆனால் தலைக்கு மேல் வரும் சுமை, ஒருவர் தம் மொழியைத் தேடிப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காது. பார்த்த கணத்திலேயே புரியவேண்டும். எழுத்தால் அது ஆகாது, படத்தால்தான் ஆகும்.

இந்த உண்மையை நம் நாட்டில் மின்சாரத் துறை முன்பே உணர்ந்திருந்தது. உங்கள் தெருவில் உள்ள மின்மாற்றியில் மண்டை ஓடும் இரண்டு எலும்புகளும் வரைந்த சிவப்புத் தகடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். "அபாயம்" என்று அதில் எழுதியிருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், உயர் மின்னழுத்தம் உள்ள இடங்களில் இத்தகைய அறிவிப்பை வைக்கவேண்டும் என்றன. இந்தி அல்லது ஆங்கிலத்துடன் அந்த மாவட்டத்தின் மொழியிலும் அது இருக்கவேண்டும். கூடவே மண்டை ஓட்டுப் படமும் இருக்கவேண்டும் என்று அவை விதித்தன. எழுத்துத் தெரியாத குழந்தைகூட அந்தப் படத்தைக் கண்டால் கையை இழுத்துக்கொள்ளும் அல்லவா?

படங்களையே ஒரு மொழியாக்கலாம் என்று ஆராய்ந்தவர்களில் ஆஸ்திரியா நாட்டு அறிஞர் ஓட்டோ நியூராத் முக்கியமானவர். 1925-இல் வியன்னா நகரில் அவர் ஓர் அருங்காட்சியகத்தை ஏற்படுத்தினார். சமுதாயத்தையும் பொருளாதாரத்தையும் பற்றிய கணக்குகளைப் பாமர மக்களுக்கும் புரியும்படி எளிய உருவங்களால் காட்டுவது அதன் நோக்கம். இன்று ரயில் நிலையத்திலும் மருத்துவமனையிலும் நாம் காணும் எளிய மனித உருவங்களுக்கு அவருடைய முயற்சி ஒரு முன்னோடி எனலாம். பின்னர் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு பாதுகாப்புப் படங்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதிகளை வகுத்தது. நம் நாட்டிலும் பாதுகாப்பு நிறங்களுக்கும் குறிகளுக்குமென ஓர் இந்தியத் தரம் உண்டு. அதன் எண் 9457. 1980-இல் வெளியாகி 2005-இல் அது திருத்தப்பட்டது.

இலக்கணம் கற்போம்

எந்த மொழிக்கும் இலக்கணம் உண்டு. இந்தப் பட மொழியின் இலக்கணம் மிகவும் சிறியது. வடிவமும் நிறமும்தான் அது. ஐந்தே விதிகளை மனத்தில் கொண்டால் போதும்.

முதல் விதி: சிவப்பு வளையமும் குறுக்குக் கோடும் "செய்யாதே" என்று சொல்லும். வெள்ளைத் தரையில் கறுப்புப் படம் இருக்கும். அதன் மேல் இடப்புற உச்சியிலிருந்து வலப்புறக் கீழ்நோக்கிச் சிவப்புக் கோடு செல்லும். நடந்து செல்லும் மனிதன் மேல் கோடு விழுந்தால், இந்த வழியே போகாதே என்று பொருள். புகையும் சிகரெட்டின் மேல் விழுந்தால், புகைபிடிக்காதே என்று பொருள்.

இரண்டாம் விதி: நீல வட்டம் "கட்டாயம் செய்" என்று சொல்லும். நீலத் தரையில் வெள்ளைப் படம். தலைக்கவசம் அணிந்த தலை, காலணி, கையுறை, முகமூடி, பாதுகாப்புப் பெல்ட் ஆகியவற்றை இவ்வகையில் காணலாம்.

மூன்றாம் விதி: கறுப்புக் கரையுள்ள மஞ்சள் முக்கோணம் "எச்சரிக்கை, இங்கே ஆபத்து" என்று சொல்லும். மின்னல் போன்ற அம்பு இருந்தால் மின்சாரம். கொக்கியில் பெட்டி தொங்கினால் தலைக்கு மேல் சுமை. விளிம்பிலிருந்து ஒருவன் விழுவதுபோல் இருந்தால் பள்ளம் அல்லது மாடி விளிம்பு.

நான்காம் விதி: பச்சைச் சதுரம் அல்லது செவ்வகம் "இங்கே பாதுகாப்பு" என்று சொல்லும். முதலுதவிப் பெட்டி, அவசர வழி, ஒன்றுகூடும் இடம் ஆகியவை இதில் அடங்கும்.

ஐந்தாம் விதி: சிவப்புச் சதுரம் "தீயணைக்கும் கருவி இங்கே" என்று காட்டும்.

இங்கே ஒரு சிறு கேள்வி. முதலுதவிக்கு நமக்கு நினைவுக்கு வருவது சிவப்புச் சிலுவை. பலகையில் இருப்பதோ பச்சைத் தரையில் வெள்ளைச் சிலுவை. ஏன்? சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்திற்கும் போர்க்கால மருத்துவப் பணிக்கும் உரிய சின்னம். ஜெனீவா உடன்படிக்கைகள் அதைப் பாதுகாக்கின்றன. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அதை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது.

பச்சைப் பலகையில் கதவை நோக்கி ஓடும் மனிதனுக்கும் ஒரு கதை உண்டு. 1970-களில் ஜப்பானில் பல மாடிக் கடைகளில் பெரும் தீ விபத்துகள் நேர்ந்து ஏராளமானோர் மாண்டனர். வெளியேறும் வழியைப் புகைக்கு நடுவிலும் அடையாளம் காட்டும் நல்ல குறி ஒன்றை ஜப்பானியர் தேடினர். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் குழு உருவாக்கிய ஓடும் மனிதன் அப்படித்தான் பிறந்தான். இன்று அவன் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

நிறம் மட்டும் போதாதா?

நிறத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடலாமே, வடிவம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் செம்பருத்திச் செடி இருந்தால் நண்பகலில் அதன் பூவையும் இலையையும் பாருங்கள். சிவப்புப் பூ பளிச்சென்று தெரியும். அதே செடியைப் பொழுது சாய்ந்து இருள் கவியும்போது, விளக்குப் போடாமல் பாருங்கள். பூ கறுத்துப் போயிருக்கும். இலையோ அதைவிட வெளிறித் தெரியும். பூ மாறவில்லை, உங்கள் கண் மாறியிருக்கிறது. வெளிச்சம் குறையும்போது நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, குச்சிச் செல்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஒளி அனேகமாகத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யேயின் பெயரால் இது வழங்குகிறது.

ஆகவே மாலை வேளையில் சிவப்புப் பலகை நிறத்தை இழக்கும். ஆனால் வளையமும் குறுக்குக் கோடும் அப்படியே இருக்கும். மேலும், ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கும் வட்டம் வட்டமாகத்தான் தெரியும். சதுரம் சதுரமாகத்தான் தெரியும். ஒரே செய்தியை வடிவத்தாலும் நிறத்தாலும் இரண்டு முறை சொல்வதால், ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கிறது.

எச்சரிக்கைக்கு மஞ்சள் ஏன்? பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகுதியாக உணரும் ஒளியின் அலைநீளம் சுமார் 555 நானோமீட்டர். அது மஞ்சள் கலந்த பச்சை. மஞ்சள் அதற்கு மிக அருகில் இருக்கிறது. மஞ்சள் பரப்பு, பச்சை ஒளியையும் சிவப்பு ஒளியையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவதால் மிகவும் வெளிச்சமாகத் தெரிகிறது. அதன்மேல் கறுப்பால் வரைந்தால், சிமெண்ட்டுத் தூசி பறக்கும் இடத்திலும் படம் எடுப்பாகத் தெரியும்.

நீல வட்டத்தின் பின்னே: ஒரு கணக்கு

"தலைக்கவசம் அணிக" என்னும் நீல வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிளாஸ்டிக் தொப்பி என்ன செய்துவிடும் என்று தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய மூன்றாம் மாடியிலிருந்து, அரைக் கிலோ எடையுள்ள செங்கல் துண்டு ஒன்று விழுகிறது. தரைக்கு வரும்போது அதன் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். விழுவதற்கு ஆகும் நேரம் 1.4 வினாடிதான். மேலிருந்து ஒருவர் கத்தி, கீழே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அந்தத் துண்டின் ஆற்றல் 0.5 × 9.8 × 10 = 49 ஜூல். இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது செலவாக வேண்டும். வெறும் தலையில் விழுந்து 2 மில்லிமீட்டர் தூரத்திற்குள் அது நின்றுவிடுவதாகக் கொள்வோம். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். 49-ஐ 0.002-ஆல் வகுக்க 24,500 நியூட்டன் வருகிறது. இரண்டரை டன் பாரம் ஒரு கணம் தலைமேல் அமர்வதற்கு இது சமம்.

தலைக்கவசத்தின் உள்ளே பாருங்கள். வெளி ஓடு தலையைத் தொடுவதில்லை. உள்ளே நாடாக்களால் ஆன ஒரு கூடு இருக்கிறது. ஓட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி உண்டு. அடி விழும்போது நாடாக்கள் நீண்டு கொடுக்கும். செங்கல் நிற்பதற்கு 3 சென்டிமீட்டர் தூரம் கிடைத்தால் விசை 49-ஐ 0.03-ஆல் வகுத்ததாகிவிடும்; அதாவது சுமார் 1,630 நியூட்டன். பதினைந்தில் ஒரு பங்கு! அந்த வெற்று இடைவெளிதான் உயிரைக் காக்கிறது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்த இடைவெளியில் துணியைத் திணித்தாலோ, நாடா அறுந்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாலோ, நீல வட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகத் தோன்றும். பயன் மட்டும் இராது.

பாதுகாப்புப் பெல்ட்டுக்கும் இதே கதைதான். அதன் கொக்கியை உறுதியான ஓர் இடத்தில் மாட்டினால்தான் அது பாதுகாப்பு. மாட்டாத கொக்கி இடுப்பில் தொங்கும் அணிகலனே.

மஞ்சள் முக்கோணத்தின் பின்னே: மண்ணின் எடை

"ஆழமான பள்ளம்" என்னும் பலகையைப் பார்த்தால், தடுமாறி உள்ளே விழுந்துவிடுவோம் என்பதுதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். பெரிய ஆபத்து வேறு. பள்ளத்தின் சுவரே சரிந்து உள்ளே விழலாம்.

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். ஒரு சிறிய காரின் எடையைவிட அது அதிகம். மார்பளவு மண்ணில் புதைந்தவரின் விலா எலும்புகள் விரிய முடியாது. தலை வெளியே இருந்தும் அவர் மூச்சுத் திணறக்கூடும். இதனால்தான் பொறியாளர்கள் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்திற்குப் பக்கவாட்டில் பலகை அடித்து முட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது சுவரைச் சரிவாக வெட்டவேண்டும் என்கிறார்கள். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் ஓரத்திலேயே குவிப்பதும், ஓரத்தில் லாரியை நிறுத்துவதும் ஆபத்தை வளர்க்கும். மழை பெய்தாலோ மண் நீரைக் குடித்துக் கனக்கும். துகள்களின் பிடிப்பும் தளரும்.

தரமணிக்கு அடுத்த ஊர் வேளச்சேரி. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை கொட்டியபோது, வேளச்சேரியில் கட்டடத்திற்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடி ஆழப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. இருவர் அதில் சிக்கினர். பள்ளம் முழுவதும் வெள்ளம். நாள்கணக்கில் நீரை இறைத்த பிறகே அவர்களுடைய உடல்களை மீட்க முடிந்தது. பள்ளத்தின் ஓரம் என்பது கோடு கிழித்த எல்லையன்று. அது எந்த நேரமும் பின்னோக்கி நகரக்கூடியது. மஞ்சள் முக்கோணத்தை ஓரத்தில் நடாமல் தள்ளி நடவேண்டும் என்பதற்கும், அதைக் கண்டால் நாம் தள்ளி நடக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

மெல்லக் கொல்லும் ஆபத்துகள்

பலகைகள் விபத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை; நோயைப் பற்றியும் பேசுகின்றன. முகமூடி அணிந்த முகத்தை நீல வட்டத்தில் கண்டால், அங்கே தூசி இருக்கிறது என்று அறியலாம். கருங்கல்லை அறுக்கும்போதும் கான்கிரீட்டைத் துளைக்கும்போதும் சிலிக்கா என்னும் பொருள் நுண்துகளாகப் பறக்கிறது. நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள்களோ 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அவை கண்ணுக்குத் தெரியாது, தொண்டையில் உறுத்தாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சிரைப்பாக வெளிப்படும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. கல்லை அறுக்கும்போது தண்ணீர் ஊற்றினால் தூசி அடங்கும்; முகமூடிக்கு முன் செய்யவேண்டியது அதுதான்.

கையுறைப் படமும் அப்படித்தான். ஈர சிமெண்ட்டுக் கலவை வலிமையான காரம், அதன் பி.எச். மதிப்பு 12-க்கும் மேல். சோப்புக் கரைசலைவிடப் பல மடங்கு காரம். வெறுங்கையால் கலவையை அள்ளும் சித்தாளின் விரல்களில் வெடிப்பும் புண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலவை கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் கழுவவேண்டும். கண் கழுவும் இடத்தையும் ஒரு பச்சைப் பலகை காட்டும். காதடைப்பான் படம் இருந்தால், அங்கே உள்ள இரைச்சல் நாளடைவில் செவியைக் கெடுக்கும் என்று பொருள்.

பலகை நான்காவது இடத்தில்

இப்போது ஒரு முக்கியமான உண்மைக்கு வருகிறோம். பாதுகாப்பு நிபுணர்கள் தற்காப்பு வழிகளை ஓர் ஏணியாக அடுக்குவார்கள். முதல் படி, ஆபத்தையே நீக்குவது. இரண்டாம் படி, ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைப்பது. மூன்றாம் படி, கைப்பிடி, வலை, தடுப்பு முதலியவற்றை அமைப்பது. நான்காம் படி, பயிற்சியும் அறிவிப்புப் பலகையும். ஐந்தாம் படி, தலைக்கவசமும் முகமூடியும்.

ஆம்! பலகைக்கு நான்காவது இடம்தான். மாடி விளிம்பில் கைப்பிடி கட்டாமல், "விழுந்துவிடாதே" என்று பலகை மட்டும் மாட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது. பொறுப்பைத் தம் தோளிலிருந்து இறக்கித் தொழிலாளியின் தோளில் ஏற்றியதாகவே அது முடியும்.

2018 ஜூலையில், தரமணிக்கு அருகே கந்தன்சாவடியில் கட்டுமானத்தில் இருந்த கட்டடம் ஒன்றின் இரும்புச் சட்டகம் சரிந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது, இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். 2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். தமிழ்நாட்டவருடன் ஆந்திரத்தவரும் ஒடிசாக்காரரும் அதில் இருந்தனர். கட்டமைப்பிலேயே குறை இருந்ததை விசாரணைகள் காட்டின. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. தூண் தன் பாரத்தைத் தாங்காதபோது, தூணில் மாட்டிய எந்தப் பலகையும் யாரையும் காப்பாற்றாது. முதல் மூன்று படிகள் பொறியாளரின் கையிலும் கட்டட உரிமையாளரின் கையிலும் அரசின் கையிலும் இருக்கின்றன.

இதை உணர்ந்தே சட்டங்களும் வந்தன. தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, 1994-இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. 1996-இல் நாடாளுமன்றம் கட்டடத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதுவும் சேர்க்கப்பட்டது. 1966 மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்புக் குழு தோன்றியது. அந்த நாளே ஆண்டுதோறும் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நீங்கள் செய்து பாருங்கள்

பலகை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? அதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. எவ்வளவு தொலைவிலிருந்து பலகை தெரியவேண்டுமோ அந்தத் தொலைவை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 2000-ஆல் வகுக்கவேண்டும். கிடைப்பது பலகையின் குறைந்தபட்சப் பரப்பு, சதுர மீட்டரில். சுமார் 50 மீட்டருக்கு உட்பட்ட தொலைவுக்கு இது பொருந்தும்.

10 மீட்டருக்கு: 100-ஐ 2000-ஆல் வகுக்க 0.05 சதுர மீட்டர். பக்கம் சுமார் 22 சென்டிமீட்டர் உள்ள சதுரம். 20 மீட்டருக்கு: 400-ஐ 2000-ஆல் வகுக்க 0.2 சதுர மீட்டர். பக்கம் சுமார் 45 சென்டிமீட்டர். தொலைவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது, கவனித்தீர்களா? 30 மீட்டருக்கு நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் பள்ளிச் சோதனைச்சாலையில் உள்ள பலகைகள் போதிய அளவில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

இரண்டாவது சோதனை இன்னும் சுவையானது. உங்கள் பள்ளியில் உள்ள ஓர் ஆபத்தைத் தேர்ந்தெடுங்கள். வழுக்கும் தண்ணீர்த் தொட்டி மேடையாகவோ, கைப்பிடி ஆடும் மாடிப்படியாகவோ இருக்கலாம். அதற்கு எழுத்தே இல்லாத ஒரு பலகை வரையுங்கள். எந்த வடிவம், எந்த நிறம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அதைப் பத்துப் பேரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். முதல் வகுப்புக் குழந்தையிடமும் காட்டுங்கள். தமிழ் தெரியாத ஒருவரிடமும் காட்டுங்கள். பாதிப் பேருக்கு வேறு பொருள் பட்டால் குறை அவர்களிடம் இல்லை. படத்தை மாற்றி வரையுங்கள். உலகத் தரமாக ஏற்கப்படும் படங்களும் இப்படி மக்களிடம் காட்டிச் சோதிக்கப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கை. இதற்காகக் கட்டட வேலை நடக்கும் இடத்திற்குள் நுழையாதீர்கள். பந்து உள்ளே விழுந்துவிட்டாலும் நீங்களே போய் எடுக்காதீர்கள், காவலாளியிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் சாலையோரப் பள்ளங்களிலும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். தேங்கிய நீர் பள்ளத்தை மறைத்துவிடும்; ஆழம் தெரியாத நீரில் கால் வைக்காதீர்கள்.

வெளியே சாலையில் நின்று பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை. வேலியில் உள்ள ஒவ்வொரு பலகையையும் படியுங்கள். அது என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "தலைக்கவசம் அணிக" என்று இருந்தால், கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளின் தலையில் கவசம் இருக்கிறதா, சும்மாடு மட்டும் இருக்கிறதா? விழும் ஆபத்து என்று இருந்தால், விளிம்பில் கைப்பிடி உண்டா, கீழே வலை உண்டா? பள்ளம் என்று இருந்தால், சுற்றிலும் தடுப்பு உண்டா, இரவில் விளக்கு உண்டா? இல்லையென்றால் வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாவீர்கள். சிலர் சொந்த வீடு கட்டுவீர்கள். சிலர் கட்டட வேலைக்கே போவீர்கள். அப்போது பலகை எழுதும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கைப்பிடியைக் கட்டுங்கள், பள்ளத்துக்கு முட்டுக் கொடுங்கள், வலையை விரியுங்கள். அதன் பிறகு மாட்டும் பலகை சொல்வது உண்மையாக இருக்கும்.